நாற்காலிக் காலில் ஒரு முடிச்சு

அந்த வகுப்பறைக்குள் நுழைந்தபோது நான் கிரில் கதவைச் சாத்தினேன்; தாழ்ப்பாளைப் போடவில்லை. அன்றைக்கு நடந்ததை யாரிடம் சொன்னாலும் இதிலிருந்துதான் தொடங்குவேன். இதை விட்டுவிட்டுச் சொன்னால் கதை எனக்குச் சாதகமாகப் போய்விடும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எங்கள் பல்கலைக்கழகம் சிறப்புக் கல்வியை அப்போதுதான் ஒரு பட்டப்படிப்பாக நடத்தத் தொடங்கியிருந்தது. அதற்கு முன்பு, ஏற்கெனவே ஆசிரியர்களாக இருப்பவர்கள்தான் பயிற்சிக்கு வருவார்கள். பிள்ளைகளோடு பழகிய அனுபவம் அவர்களுக்கு இருக்கும். இப்போது வந்தவர்களோ இருபது, இருபத்தொரு வயது இளைஞர்கள். மூன்று வருடம் விரிவுரை கேட்டுவிட்டு, பத்து வாரம் ஏதாவது ஒரு பள்ளிக்குப் போய் நின்று பாடம் நடத்த வேண்டும். அதைப் பிராக்டிகம் என்போம். அந்தப் பத்து வாரத்தில் மூன்று முறை நான் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்து மதிப்பெண் போடுவேன்.

நான் மலேசியத் தலைநகரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் பிறந்து வளர்ந்தவள். அப்பா ரயில்வேயில் எழுத்தர். பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பத்து வருடம் ஆசிரியையாக இருந்து, பிறகு வெளிநாடு போய் மேற்படிப்புப் படித்து விரிவுரையாளராக வந்தேன். கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளின் வகுப்பில் நான் முழுதாக ஒரு மாதம்கூட நின்று பாடம் நடத்தியதில்லை. அதைப் பற்றி நிறையப் படித்திருந்தேன், நன்றாகப் பேசவும் வரும். ஆனால் நின்றதில்லை. இதை என் மாணவர்களிடம் நான் சொன்னதுமில்லை, அவர்கள் கேட்டதுமில்லை.

கிள்ளானில் இருந்த அந்தப் பள்ளிக்கு நான் அனுப்பியவள் என் வகுப்பிலேயே கெட்டிக்கார மாணவி. காப்பாரைச் சேர்ந்தவள். அவளுடைய அப்பா பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தார். தினமும் காலையில் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து பள்ளி வாசலில் விட்டுவிட்டு வேலைக்குப் போவார். வீட்டில் முதலாவதாகப் பல்கலைக்கழகம் பார்த்தவள் அவள்தான். எதைக் கேட்டாலும் யோசித்து, கொஞ்சம் தாமதமாகப் பதில் சொல்லுவாள். அவள் எழுதித் தரும் பாடக் குறிப்புகளை நான் நகல் எடுத்து மற்றவர்களுக்குக் காட்டுவது வழக்கம்.

அன்று மூன்றாவது, கடைசி முறை. கூட்டரசு நெடுஞ்சாலையில் நெரிசல். பள்ளிக்குப் போய்ச் சேர இருபது நிமிடம் தாமதமாகிவிட்டது. சிறப்பு வகுப்பு கட்டடத்தின் கோடியில், முன்பு ஸ்டோராக இருந்த அறையில் நடந்தது. பிள்ளைகள் வெளியே ஓடிவிடாமல் இருக்க வாசலில் கிரில் போட்டிருந்தார்கள். வகுப்புக்கு வெளியே, ஜன்னலுக்கு நேர் மேலே, பள்ளியின் மின்சார மணி. உள்ளே பதினொரு பிள்ளைகள். அந்த வகுப்பின் ஆசிரியை ஒரு மலாய்ப் பெண்மணி, நாற்பது வயதிருக்கும். என் மாணவி பாடம் நடத்தும் நேரத்தில் அவர் அலுவலகத்தில் பதிவேடு எழுதப் போய்விடுவார். நான் அவசரமாக உள்ளே போய்ப் பின்னால் உட்கார்ந்தேன்.

பாடம் சாப்பாட்டு மேசையை எடுத்து வைப்பது. தட்டு, கோப்பை, கரண்டி. பாடம் மலாயில்தான். மலாயில் கரண்டிக்குச் 'சூடு' என்று பெயர். என் மாணவி அந்தச் சொல்லைச் சொன்னதும் இரண்டு தமிழ்ப் பிள்ளைகள் கையை உதறிக்கொண்டு "ஆ, சுடுது!" என்று சிரித்தார்கள். அவளும் சிரித்து, கரண்டியை ஊதிவிட்டு அவர்களிடம் கொடுத்தாள். அந்த இடத்தில் நான் படிவத்தில் ஒரு நட்சத்திரம் போட்டேன்.

முதல் வரிசையில் ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வயது, தமிழ்ப் பிள்ளை. பேச்சு வராது. முந்தைய இரண்டு தடவையும் நான் பார்த்தபோது அவள் ஒரு நிமிடம்கூட உட்கார்ந்திருக்கவில்லை. சுவரோரமாகவே நடந்துகொண்டு, கிரில்லைப் பிடித்து உலுக்கிக்கொண்டு இருந்தாள். அன்றைக்கு உட்கார்ந்து, தன் முன்னால் வைத்த கோப்பையைத் தட்டின் மேல் வைத்தாள். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஏழே வாரத்தில்! 'வகுப்புக் கட்டுப்பாடு' என்ற கட்டத்தில் 'மிகச் சிறப்பு' என்று எழுதினேன்.

கொஞ்ச நேரத்தில் அந்தச் சிறுமி எழுந்தாள். எழுந்தபோது நாற்காலியும் அவளோடு வந்தது. சிமென்டுத் தரையில் அது கிறீச்சென்று இழுபட்டது. அவள் மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

நான் எழுந்து முன்னால் போய்க் குனிந்து பார்த்தேன். ஊதா நிறச் சேலைத் துணியைக் கிழித்து முறுக்கி, அவளுடைய வலது கணுக்காலை நாற்காலிக் காலோடு சேர்த்துக் கட்டியிருந்தது. இரண்டு முடிச்சு. தோல் சிவந்திருந்தது.

பாடம் நடக்கும்போது மேற்பார்வையாளர் குறுக்கிடக் கூடாது என்பது எங்களுடைய விதி. அதை நான்தான் எல்லாருக்கும் படித்துக் காட்டுவேன்.

"யார் கட்டினது இது?" என்று கேட்டேன்.

என் மாணவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "நான்தான் மேடம்."

"அவுத்து விடு."

"மேடம், மணி அடிக்கிற வரைக்கும் பொறுங்க, ப்ளீஸ். ரெஸ்ட் டைம் வந்துட்டா அவ வெளிய ஓடணும்னு பறப்பா. மத்த பிள்ளைங்க கண்டீனுக்குப் போனப்புறம் நானே அவுத்து..."

"இப்பவே அவுத்து விடு."

நான் சத்தம் போடவில்லை. ஆனால் என் குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். பிள்ளைகளெல்லாம் கரண்டியும் கையுமாக எங்களையே பார்த்தார்கள். அவள் மண்டியிட்டு முடிச்சை அவிழ்த்தாள். இரண்டாவது முடிச்சு இறுகியிருந்ததால் அவிழ நேரமானது. சிறுமி கால் விடுபட்டதும் கணுக்காலைத் தேய்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஓடவில்லை.

"பாத்தியா?" என்றேன். அந்த ஒரு சொல்லை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அப்போது மணி அடித்தது.

அந்த அறைக்குள் அந்த மணியை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. சிறுமி வாயைத் திறந்து ஒரு சத்தம் போட்டாள், மணிச் சத்தத்தில் அது கேட்கக்கூட இல்லை. அடுத்த கணம் நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. கிரில் கதவு அகலத் திறந்திருந்தது.

"தாப்பா போடலையா மேடம்?" என்று கத்தினாள் என் மாணவி.

நான் வெளியே ஓடினேன். ஓய்வு நேரம். எல்லா வகுப்புகளிலிருந்தும் பிள்ளைகள் ஒரே நேரத்தில் பாய்ந்து வந்துகொண்டிருந்தார்கள். எங்கு பார்த்தாலும் வெள்ளைச் சட்டை, நீலப் பாவாடை. எல்லாச் சிறுமிகளும் ஒரே மாதிரி இருந்தார்கள். நான் ஒருத்தியின் தோளைப் பிடித்துத் திருப்பினேன். வேறு பிள்ளை. இன்னொருத்தியைத் திருப்பினேன். அவள் பயந்துபோய் அழ ஆரம்பித்தாள். பின்னாலிருந்து என் மாணவியின் குரல் கேட்டது. பத்துப் பிள்ளைகளை விட்டுவிட்டு வர முடியாமல் அவள் கிரில்லுக்குள் நின்று அலறினாள்: "கேட்டுக்குப் போங்க மேடம்! கேட்டு! கேட்டு!"

சேலையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் கேட்டை நோக்கி ஓடினேன். கண்டீனுக்குச் சாமான் கொண்டுவந்த வேன் அப்போதுதான் வெளியே போயிருந்தது. பெரிய கேட் பாதி திறந்தபடி இருந்தது. கேட்டுக் காவலுக்கு இருந்த ஜாகா, நம் ஆள்தான், வயதானவர், சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, ஒரு பொம்பளப் பிள்ள வந்துச்சா?"

"இப்ப ஒண்ணு ஓடுச்சுங்க. வெளிய ஒரு அம்மா நடந்து போச்சு, அதுங்கூடப் போற பிள்ளைன்னு நெனச்சேன்லா..." சொல்லிக்கொண்டே வந்தவர் என் முகத்தைப் பார்த்ததும் சங்கிலியைக் கீழே போட்டுவிட்டார்.

வெளியே துறைமுகத்துக்குப் போகும் சாலை. கன்டெய்னர் லோரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. சாலையோரத்தில் ஆள் ஆழத்துக்கு ஒரு கால்வாய். முந்தின நாள் மழையில் அதில் தண்ணீர் பழுப்பாக ஓடியது. நான் முதலில் கால்வாயைத்தான் பார்த்தேன். அந்தத் தண்ணீரில் மிதந்து வந்த ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பையைப் பார்த்துக் கரையில் குப்புறப் படுத்துக் கையை நீட்டினேன். அது பை என்று புரிய எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது.

ஜாகா இடது பக்கம் ஓடினார். நான் வலது பக்கம். பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்களைக் கேட்டேன். ஒரு காப்பிக் கடைக்குள் நுழைந்து மேசை மேசையாகக் கேட்டேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்; கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத பிள்ளை அது என்று தெரிந்தும் கூப்பிட்டேன். சாலையில் ஒவ்வொரு தடவை பிரேக் சத்தம் கேட்கும்போதும் கண்ணை மூடிக்கொண்டேன்.

வகுப்பாசிரியை ஓடி வந்தார். தலைத்துணி நழுவியதைக்கூடக் கவனிக்காமல் கால்வாயோரமாகவே குனிந்து பார்த்துக்கொண்டு போனார். அவருக்குப் பின்னால் என் மாணவி. பிள்ளைகளை வேறொரு ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட்டு, செருப்பை எங்கோ விட்டுவிட்டு வெறுங்காலோடு வந்திருந்தாள்.

"அந்தப் பக்கம் பாத்துட்டேன். காப்பிக் கடை, பஸ் ஸ்டாப்பு, எங்கயும் இல்ல" என்றேன்.

"அவ அங்கெல்லாம் போக மாட்டா மேடம். சத்தம் இல்லாத எடமா பாத்துத்தான் போவா. போன மாசம் மாடிப்படிக்கு அடியில இருந்தா. அதுக்கு முன்னாடி கக்கூசுக்குப் பின்னால."

அவள் நிமிர்ந்து தேடவே இல்லை. நிறுத்தியிருந்த கார்களுக்கு அடியில், கடைப் பலகைகளுக்கு அடியில், குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே போனாள். சாலையின் எதிர்ப்பக்கத்தில் ஒரு டயர் பட்டறை. அதன் முன்னால் ஒரு லோரி நின்றது. அவள் இந்தப் பக்கத்திலிருந்தே தரையோடு தரையாகக் குனிந்து பார்த்தாள். "லோரிக்கு அடியில மேடம்!" என்றாள். பிறகு இரண்டு கையையும் நீட்டி வண்டிகளை நிறுத்தச் சொல்லிக்கொண்டே சாலையைக் கடந்தாள். ஒரு கார் அவளை உரசுவதுபோல் வந்து நின்றது.

அவள் பாதிச் சாலையைத் தாண்டியிருந்தபோது அந்த லோரியின் எஞ்சின் உறுமியது.

நான் எப்படிக் கடந்தேன் என்று நினைவில்லை. லோரியின் முன்னால் போய் நின்று, இரண்டு கையாலும் பானெட்டை அறைந்தேன். அதன் சூடும் அதிர்வும் இப்போதும் உள்ளங்கையில் இருக்கிறது. ஓட்டுநர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"ஏம்மா, சாவணும்னா வேற லோரி கெடைக்கலையா?"

"அண்ணே, அடியில பிள்ள! பிள்ள இருக்கு!"

அவர் எஞ்சினை நிறுத்தினார். அந்த அமைதியில் லோரிக்கு அடியிலிருந்து ஒரு முனகல் கேட்டது.

சிறுமி பின்சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவில் தலையைப் புதைத்து, காதுகளைப் பொத்திக்கொண்டிருந்தாள். நான் உள்ளே கையை நீட்டப் போனேன். என் மாணவி என் கையைத் தட்டிவிட்டாள். உண்மையாகவே தட்டிவிட்டாள்.

"தொடாதீங்க. தொட்டா இன்னும் உள்ள போயிடுவா."

அவள் வயிற்றால் தவழ்ந்து உள்ளே போனாள். சிறுமிக்கு ஒரு கை தூரத்தில் அப்படியே படுத்துக்கொண்டாள். பேசவில்லை. ஓட்டுநர் கீழே இறங்கி வந்து, குனிந்து பார்த்தவர், டயர்களின் மேல் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். பட்டறைக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். எத்தனை நிமிடமோ. கடைசியில் சிறுமி காதிலிருந்து ஒரு கையை எடுத்து என் மாணவியின் சட்டைக் கையைப் பிடித்தாள். இருவரும் எண்ணெயும் மண்ணுமாக வெளியே வந்தார்கள். சிறுமியின் முழங்காலில் சிராய்ப்பு. அவ்வளவுதான். வகுப்பாசிரியை அவளைத் தூக்கிக்கொண்டு, சாலையோரத்திலேயே உட்கார்ந்து அழுதார்.

தலைமையாசிரியர் அறையில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்தோம். அவர் கெட்டவர் இல்லை. இரண்டு வருடத்தில் ஓய்வு பெற இருந்தவர். பிள்ளை கிடைத்துவிட்டாள், பெரிய அடி இல்லை, இதை எழுத்தில் கொண்டுவந்தால் எல்லாருக்கும் தொல்லை, முக்கியமாகச் சிறப்பு வகுப்பையே மூடிவிடுவார்கள் என்றார். வகுப்பாசிரியை தரையைப் பார்த்துக்கொண்டு, கட்டச் சொன்னது தான்தான் என்றார். போன வருடமும் அந்தப் பிள்ளை இப்படி ஓடிப்போய்ச் சாலை நடுவில் நின்றிருக்கிறாள். ஒரு லோரி இரண்டடி தூரத்தில் பிரேக் போட்டு நின்றிருக்கிறது. உதவிக்கு ஆள் கேட்டு மூன்று கடிதம் எழுதியும் யாரும் வரவில்லை. பதினொரு பிள்ளைகள், ஒரு ஆள். போன மாதம் அவள் மறுபடி காணாமல் போன பிறகுதான் துணி.

சிறுமியின் அம்மாவை வரவழைத்திருந்தார்கள். கையுறைத் தொழிற்சாலையில் வேலை. நெற்றியில் வேலைத் தொப்பியின் தடம் பதிந்திருக்க, அப்படியே ஓடி வந்திருந்தார். மகளைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். நான் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, உங்கள் பிள்ளையைக் கட்டிவைத்திருந்தார்கள், அது தவறு, நான் அதற்கு நடவடிக்கை எடுப்பேன் என்று சொல்லத் தொடங்கினேன்.

"அந்தத் துணி நான் குடுத்ததுதாங்க டீச்சர்" என்றார் அவர். "என் பழைய சேலை. கயிறுன்னா அறுக்கும்னு சேலையக் கிழிச்சுக் குடுத்தேன். வீட்டுலயும் அப்படித்தான். நான் ஒரு ஷிப்ட்டு, அவங்க அப்பா ஒரு ஷிப்ட்டு. நடுவுல ரெண்டு மணி நேரம் யாரும் இல்ல. கட்டாம போனா, திரும்பி வர்றப்ப உசுரோட இருக்குமான்னு தெரியாது."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல் கேட்டார்:

"நீங்கதானே அவுத்து விடச் சொன்னீங்க? அவுத்து விட்டுட்டு, அடுத்தது என்ன செய்றதா இருந்தீங்க?"



என் மாணவியை நான்தான் காரில் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். உடம்பெல்லாம் எண்ணெய்க் கறை. இருக்கையில் படக் கூடாதென்று நுனியில் உட்கார்ந்திருந்தாள். காப்பார் சாலையில் பாதி தூரம் போனபிறகு கேட்டாள்.

"என்னை ஃபெயில் பண்ணுவீங்களா மேடம்?"

"தெரியல."

"கட்டக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். பரீட்சையில அதைப் பத்தி நாலு பக்கம் எழுதினேன். நீங்க மார்க்கும் குடுத்தீங்க. ஆனா கட்டாம எப்படிப் பதினொரு பேரையும் பாத்துக்கிறதுன்னு நீங்க ஒரு நாளும் சொல்லிக் குடுக்கலையே. கிளாஸ் டீச்சர் அந்தத் துணியக் கையில குடுத்தப்ப நான் வேற என்ன செய்யறது? அவ செத்துப்போயிட்டா?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"ரெண்டு தடவ வந்தீங்க. ரெண்டு தடவையும் அவ உக்காரலன்னு கமெண்ட் எழுதிட்டுப் போனீங்க. இன்னைக்கு அவ உக்காந்ததும் 'மிகச் சிறப்பு'ன்னு எழுதுனீங்க. ஃபாரத்துல பாத்தேன்."

நான் வண்டியை ஓட்டிக்கொண்டே இருந்தேன். அவள் வீட்டு வாசலில் இறங்கியபோது 'போயிட்டு வரேன்' என்றுகூடச் சொல்லவில்லை.

மறுநாள் காலை என் அறையில் உட்கார்ந்து அவளுடைய பயிற்சிப் பதிவேட்டைப் படித்தேன். ஒவ்வொரு பிள்ளையின் தொந்தரவான நடத்தையையும் நேரம் குறித்து எழுத வேண்டும் என்பது நான் கொடுத்த வேலை. அவள் ஒரு நாள் விடாமல் எழுதியிருந்தாள். எழுதியவள் அதைத் திரும்பப் படிக்கவில்லை. இரண்டு தடவை கையெழுத்துப் போட்ட நானும் படிக்கவில்லை. இப்போது படித்தேன். அந்தச் சிறுமி கத்தியதும், கையைக் கடித்ததும், கிரில்லை உலுக்கியதும் எல்லா நாளும் ஏறக்குறைய அதே நேரங்களில். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அந்த நேரங்கள் மாறியிருந்தன. வெள்ளிக்கிழமை பள்ளி சீக்கிரம் முடியும் என்பதால் மணி அடிக்கும் நேரங்களும் வேறு. ஐந்தாவது வாரம் ஒரு நாள் மட்டும் எந்தத் தொந்தரவும் குறிக்கப்படவில்லை. 'இன்று மின்சாரம் இல்லை. அமைதியாக இருந்தாள். ஓய்வு நேரத்தில் தன் இடத்திலேயே உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டாள்' என்று எழுதியிருந்தாள்.

ஓய்வு நேரத்துக்கு வெளியே போக ஆசைப்பட்டு அவள் ஓடுவதாகத்தான் என் மாணவியும் வகுப்பாசிரியையும் நினைத்திருந்தார்கள். அவள் ஓடியது வெளியே போவதற்கு அல்ல. தலைக்கு நேர் மேலே அடித்த அந்த மணியிடமிருந்து தப்பிக்க. இந்தச் சில வாரமாக, மணி அடிக்கும்போதெல்லாம், நகர முடியாதபடி காலைக் கட்டிவைத்து அந்தச் சத்தத்தைக் கேட்க வைத்திருக்கிறோம். நான் பதிவேட்டை மூடிவிட்டுக் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினேன். திரும்பி வந்து தொலைபேசியில் பள்ளியைக் கூப்பிட்டு வகுப்பாசிரியையிடம் சொன்னேன். "யா அல்லா" என்றார் அவர்.

அடுத்து அறிக்கை. எங்கள் துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, மாணவி கட்டியதை எழுதினால் அவள் தோல்வி, எழுதாவிட்டால் பாதகமில்லை, பள்ளியும் எதுவும் எழுதப் போவதில்லை, எதுவானாலும் உங்கள் பங்கை உள்ளே இழுக்காதீர்கள் என்றார். எனக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னார். இரண்டு நாள் யோசித்தேன். அவளுடைய அப்பாவின் மோட்டார் சைக்கிளை நினைத்தேன். எழுதாமல் விட்டால் அவள் நல்ல மதிப்பெண்ணோடு வெளியே போவாள். அடுத்த வருடம் வேறொரு பள்ளியில், வேறொரு பிள்ளைக்கு, அதே முடிச்சைப் போடுவாளோ மாட்டாளோ, எனக்குத் தெரியாது. அவள் போடாவிட்டாலும் வேறு யாராவது போடுவார்கள், யாரும் எழுதிவைக்காததால்.

மூன்று பக்கம் எழுதினேன். துணி, முடிச்சு, தோலில் இருந்த தடம். உதவி ஆள் கேட்டு எழுதிய கடிதங்கள். போடாத தாழ்ப்பாள். ஓய்வு மணிக்குச் சற்று முன்பு, அடுத்து என்ன செய்வதென்ற எண்ணமே இல்லாமல் அவிழ்க்கச் சொன்னது. படிக்காமல் போட்ட கையெழுத்துகள். என் மாணவியின் பதிவேட்டில் இருந்த நேரங்களையும் மணி அடிக்கும் நேரங்களையும் ஒரு பட்டியலாக இணைத்தேன்.

அவளுடைய பிராக்டிகம் தோல்வி என்று முடிவாயிற்று. ஒரு பருவம் தள்ளி மறுபடி செய்ய வேண்டும். என்னை ஒரு வருடத்துக்கு மேற்பார்வையிலிருந்து எடுத்துவிட்டார்கள். என் கோப்பில் ஒரு கண்டனக் கடிதமும் சேர்ந்தது. முடிவு வந்த அன்று அவள் நடைபாதையில் எனக்கு எதிரே வந்தாள். பார்த்தும் பார்க்காததுபோல் படியிறங்கிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு பல வாரம் அப்படித்தான்.

மறுபடி செய்யும்போது வேறு பள்ளி தருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவள் அதே பள்ளிதான் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். அங்கே நடந்ததெல்லாம் எனக்கு வகுப்பாசிரியை தொலைபேசியில் சொல்லித்தான் தெரியும்.

மணியை இடம் மாற்றத் தலைமையாசிரியர் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு பிள்ளைக்காக முழுப் பள்ளிக்கும் கேட்காமல் போனால் என்ன செய்வது என்றார். என் மாணவி அவரைச் சிறப்பு வகுப்புக்கு அழைத்துவந்து, சிறுமியின் நாற்காலியில் உட்காரச் சொல்லி, மணி அடிக்கும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தாளாம். மணி அடித்ததும் அவர் துள்ளி எழுந்தாராம். அடுத்த வாரமே மணியைக் கட்டடத்தின் மறுகோடிக்கு மாற்றினார்கள். அங்கிருந்தும் அது கேட்கத்தான் செய்தது. சிறுமியின் அம்மா தொழிற்சாலையில் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பவர்கள் காதில் மாட்டிக்கொள்ளும் காதுறை ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். முதல் மூன்று வாரம் சிறுமி அதைப் பிடுங்கி எறிந்துகொண்டே இருந்தாள். என் மாணவியும் ஒன்றை மாட்டிக்கொண்டு, மணிக்கு ஐந்து நிமிடம் முன்பு தினமும் அவள் எதிரில் உட்கார்ந்தாள். நான்காவது வாரம் ஒரு நாள் சிறுமி தானே போய் அதை எடுத்து மாட்டிக்கொண்டாள். எல்லாம் அதோடு சரியாகிவிடவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு தடவை ஓடினாள். ஒரு தடவை என் மாணவியின் கையைக் கடித்துத் தையல் போட வேண்டியதாயிற்று. ஆனால் யாரும் துணியை எடுக்கவில்லை.

பருவம் முடிந்து அவள் தேறினாள். ஜொகூரில் ஒரு சின்ன ஊருக்கு வேலை கிடைத்தது. போவதற்கு முன்பு என் அறைக்கு வந்தாள். நான் உட்காரச் சொல்லியும் நின்றுகொண்டே இருந்தாள். மணிக்கட்டில் தையல் தழும்பு தெரிந்தது.

"நீங்க ஒங்க தப்பையும் ரிப்போர்ட்டுல எழுதியிருந்தீங்கன்னு இப்பத்தான் தெரியும். ஆபீஸ்ல சொன்னாங்க."

"ம்."

"எழுதாம விட்டிருந்தா எனக்கு அப்பவே பாஸ் கெடைச்சிருக்கும், இல்லையா?"

"ஆமா. கெடைச்சிருக்கும்."

"எங்க அப்பா ஒரு மாசம் யார்கிட்டயும் பேசல மேடம். தோட்டத்துல எல்லாருக்கும் நான் டீச்சராயிட்டேன்னு சொல்லிட்டாரு." அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். "நீங்க செஞ்சது தப்புன்னு சொல்ல வரல. ஆனா எனக்குக் கோவம் போகல."

"போகணும்னு இல்ல" என்றேன்.

அவள் தலையாட்டினாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு புதிய பயிற்சிப் புத்தகத்தை எடுத்து, ஜொகூரில் தனக்குக் கிடைக்கப்போகும் வகுப்பில் பதினான்கு பிள்ளைகள் என்றும், உதவிக்கு ஆள் இல்லை என்றும் சொன்னாள். முதல் வாரம் என்ன செய்வது என்று ஒரு திட்டம் எழுதியிருந்தாள். "இதுல எது நடக்காதுன்னு சொல்லுங்க" என்றாள்.

அவளிடம் பொய் சொல்லக் கூடாது என்று தோன்றியது. அப்படி ஒரு வகுப்பில் நான் முழுதாக ஒரு மாதம்கூட நின்றதில்லை என்று சொன்னேன். அவள் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்ப கிளாஸ் டீச்சர்கிட்டயும் கேக்கணும். போன் பண்ணுங்க மேடம்" என்றாள்.

நான் கிள்ளான் பள்ளியின் எண்ணை அழுத்தினேன்.